கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு

போன மாதம் நம் மொட்டை மாடிக் கூட்டத்தில் மூன்றாவது மாடி பேங்க் மேனேஜர் ஒரு குறை சொன்னார். ரிட்டயர் ஆன பிறகு அவர் சின்னச் சின்ன கூட்ஸ் வண்டிகள் செய்து அலமாரியில் அடுக்குகிறார் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அதில் ஒன்றுக்கு பிரேக் சக்கரம் வெளிநாட்டிலிருந்து வந்து சேர மூன்று மாதம் ஆகிவிட்டதாம். சட்டைப் பொத்தானைவிடச் சின்ன சாமான். நீங்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினீர்கள். நான் மட்டும் சிரித்துவிட்டேன், அவர் முகம் சுருங்கிப் போயிற்று. அதற்கு மன்னிப்புக் கேட்டு இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளதைச் சொன்னால் மன்னிப்பு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் பெருமை. அதே பிரேக் சக்கரத்தை யுத்த காலத்தில், பதினொரு வயதில், பாவாடை சட்டையோடு ஊரைச் சுற்றித் தேடிப் பிடித்தவள் நான்.

அப்பா கூட்ஸ் வண்டி கார்டு. சாந்தோமில் எங்கள் தெருவில் பாதிப் பேர் வாத்தியார்கள், மீதிப் பேர் கன்னிமடத்திலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்கிறவர்கள். வெள்ளை வேட்டிகளுக்கு நடுவே மண்ணெண்ணெயும் கரியும் மணக்க வந்துபோகிறவர் அப்பா ஒருவர்தான். டியூட்டி இல்லாத நாட்களில் தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து, சிகரெட் டப்பாத் தகரத்தை வெட்டி, தான் கார்டாகப் போகும் வண்டியையே சாண் சாணாகச் செய்துகொண்டிருந்தார். பொம்மை என்று சொன்னால் கோபம் வரும். மாடல் என்றுதான் சொல்ல வேண்டும். மவுண்ட் ரோட்டில் ஒரு கடையில் சீமையிலிருந்து வந்த பித்தளைச் சாமான்கள் அட்டையில் தைத்து விற்கும். சக்கரம், பெட்டிகள் முட்டிக்கொள்ளாமல் தாங்கும் பஃபர், கொக்கி எல்லாம் அங்கே வாங்கி ஆறு வேகனை முடித்துவிட்டார். ஏழாவது, கார்டு உட்காரும் பிரேக் வேன். அதற்கு உடம்பும் சக்கரமும் ஆன நேரத்தில் யுத்தம் முற்றியது. கப்பலில் அரிசிக்கே இடமில்லை, பஃபருக்கு எங்கே இடம். கடைக்காரர் காலி அட்டையைக் காட்டி கையை விரித்தார்.

பிறகு அப்பாவையே கூப்பிட்டுக்கொண்டார்கள். பட்டாள ரயில் ஓட்ட ஆள் வேண்டும் என்று அஸ்ஸாம் பக்கம் அனுப்பினார்கள். கிளம்புகிற அன்று காலையில் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதி என்னிடம் கொடுத்தார். பஃபர் நான்கு, சங்கிலிக் கண்ணி மூன்று, ஹோஸ் பைப் இரண்டு, பிரேக் சக்கரம் ஒன்று, டெயில் லாம்ப் ஒன்று. எங்கேயாவது கண்ணில் பட்டால் எடுத்து வை, வந்து மாட்டிக்கொள்கிறேன் என்றார். டெயில் லாம்ப் என்ற இடத்தில் மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"வண்டிக்குக் கடைசிப் பெட்டியில சிவப்பு விளக்கு இருக்கணும் கண்ணு. ஸ்டேஷன் மாஸ்டர் இன்ஜினைப் பார்த்து எழுத மாட்டார். நடுவுல எங்கேயாவது பாதி வண்டி கழண்டு நின்னிருந்தா? கடைசி விளக்கைக் கண்ணால பார்த்தாதான் 'வண்டி முழுசா வந்து சேர்ந்தது'ன்னு எழுதுவார். பார்க்காம எழுதினா உயிர் போகும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது ஞான உபதேசத்தில் வரும் கேள்வி பதில் போல மனப்பாடம் ஆகிவிட்டது.

முதலில் மாதம் இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்று. ஆடி மாதத்தோடு அதுவும் நின்றது. அம்மா வாசலில் தபால்காரருக்காக நிற்பதை விட்டுவிட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பாவின் சைக்கிளைத் துடைத்து, இரண்டு டயருக்கும் காற்றடித்து வைப்பாள். வந்ததும் ஏறிப் போக வேண்டாமா என்பாள். எங்களுக்குத் துணையாக வந்து போனவர் பெரியப்பா. பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், எதையும் காலாகாலத்தில் முடித்துவிட வேண்டும் என்கிற மனிதர். பரீட்சைத் தாளையும் சரி, துக்கத்தையும் சரி, திருத்தாமல் மேஜையில் வைத்திருக்க அவருக்கு ஆகாது.

நான் பட்டியலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வந்து மாட்டிக்கொள்கிறேன் என்றவர் வரவில்லை. சரி, நாமே மாட்டி வைத்தால் வந்துவிடுவார் என்று எனக்குள் ஒரு கணக்கு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

சங்கிலிக் கண்ணியை அம்மாவின் கொண்டை ஊசியை வளைத்து நானே செய்தேன். முதல் ஆறு கோணல், ஏழாவதிலிருந்து சரியாக வந்தது. பஃபர் கிடைத்த கதை வேறு. எங்கள் தெருவுக்கு வெளுக்க வரும் அம்மா அடையாற்றங்கரையில் துரை வீட்டுத் துணியெல்லாம் அடிப்பவள். அவள் மூட்டையைப் பிரித்தபோது ஒரு காலரிலிருந்து பித்தளைப் பொத்தான் ஒன்று உருண்டு விழுந்தது. வட்டத் தட்டு, நடுவில் காம்பு. சாட்சாத் பஃபர். நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவள் சிரித்தாள்.

"இன்னா கண்ணு அப்டி பாக்கற? வூட்ல ஒரு டப்பா நெறைய கீது. குண்டு போடறாங்கோன்னு தொரைங்கல்லாம் வூட்டப் பூட்டிக்கினு போய்ட்டாங்கோ, கேக்க ஆளில்ல. வந்து பொறுக்கிக்கோ."

பள்ளிக்கூடம் விட்டு ஆற்றங்கரைக்கு ஓடினேன். கோகோ டப்பாவைக் கவிழ்த்துக் கோணிமேல் கொட்டினாள். முத்துச்சிப்பி, எலும்பு, தந்தம், பித்தளை என்று எத்தனை வகை. சோப்பு மண்ணும் ஈரத் துணியும் மணக்க, ஒரே அளவான நான்கை ஒரு மணி நேரம் தேடி எடுத்தேன். ஒன்றின் மேல் ஒன்று வைத்து அளவு பார்த்ததைக் கண்டு, இந்தப் பொண்ணைக் கட்டிக்கப் போறவன் பாடு திண்டாட்டம்தான் என்றாள். அவள் வாக்கு பலித்ததா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரேக் சக்கரத்துக்கு லஸ் முனையில் ஒரு கடிகார ரிப்பேர்க்காரரைப் பிடித்தேன். கண்ணில் குழாய் மாட்டியபடியே, எத்தனை கை, அதாவது ஆரக்கால், உள்ள சக்கரம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் சாமான் கேட்கக் கூடாது பாப்பா, பார்த்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். மயிலாப்பூரில் அப்போது ரயில் ஏது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு மாம்பலத்துக்கு நடந்தேன். தியாகராய நகரில் பாதி மனைகள் காலி. முள்ளுச் செடியும் ஆட்டுக் குட்டியுமாகக் கிடந்த வழியெல்லாம் தாண்டி லெவல் கிராசிங் கேட்டில் போய் நின்றேன். இரண்டு பாசஞ்சர் வண்டி போன பிறகு கூட்ஸ் வந்தது. நாற்பத்திரண்டு வேகனை எண்ணிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பிரேக் வேன். பின்பக்கத் திறந்த இடத்தில் கார்டு நின்றுகொண்டிருந்தார், அவர் இடுப்புக்குப் பக்கத்தில் கையால் திருகும் பிரேக் சக்கரம். நான்கு கை. நான் விரலை நீட்டி நான்கு என்று கத்தினேன். அவர் எதற்கென்று தெரியாமலேயே பச்சைக் கொடியை ஆட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அம்மாவிடம் விசிறிக் காம்பால் வாங்கினேன். அப்பன் இல்லாத வீட்டில் பெண் தறுதலையாகிறது என்று அழுதுகொண்டே அடித்தாள். நான் அழவில்லை. நான்கு கை என்று போய்ச் சொன்னதும் ரிப்பேர்க்காரர் டப்பாவில் துழாவி, செத்துப்போன கைக்கடிகாரத்தின் சக்கரம் ஒன்றை எடுத்தார். பிரேக் சக்கரத்துக்குப் பல் இருக்காது என்றேன். என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அரத்தால் பல்லை ராவிக் கொடுத்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். பிற்பாடு வாங்கிய எந்தப் பட்டமும் அதற்கு ஈடில்லை.

ஹோஸ் பைப்புக்கு சைக்கிள் வால்வுக்குள் இருக்கும் சன்ன ரப்பர் குழாய் அளவெடுத்தது போல் இருக்கும். ஆனால் யுத்தத்தில் ரப்பர் கண்ணிலேயே படாது, கச்சேரி ரோட்டு சைக்கிள் கடைக்காரர் விரட்டினார். வீட்டில் நிற்கிற சைக்கிளில் இரண்டு இருக்கிறதே என்று தோன்றியது. அப்பாவின் சாமானை அப்பாவின் வண்டிக்குத்தானே எடுக்கிறோம் என்று ஒரு சனிக்கிழமை இரண்டையும் உருவிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா காற்றடித்தாள். நிற்கவில்லை. மறுபடி அடித்தாள். புஸ்ஸென்று இறங்கியது. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இரண்டு டயரும் ஒரே நாளில் எப்படிப் போகும் என்று அவள் யோசிக்கவேயில்லை. பம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, சைக்கிளின் மேல் ஒரு பழைய போர்வையை எடுத்துப் போர்த்தினாள். அதற்குப் பிறகு அதைத் துடைக்கவும் இல்லை.

அந்த வாரம் பெரியப்பா வந்தார். கல்லறைத் திருநாள் வருகிறது, தம்பி பெயரைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். உங்களில் கோயில் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நவம்பர் இரண்டாம் தேதி இறந்தவர்கள் எல்லாருக்காகவும் பூசை. வீட்டுக்கு வீடு தங்கள் செத்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், சாமியார் ஒவ்வொன்றாகப் படிப்பார். ஒருமுறை படித்துவிட்டால் ஊருக்கே முடிந்த கதை. வெள்ளைச் சேலைதான், கறுப்புத் துணிதான். அம்மா முன்பு ஒரு தடவை இதே கேள்விக்கு வாயை மூடுங்கள் என்றவள். இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பெரியப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, அழகான ஹெட்மாஸ்டர் எழுத்தில் அப்பா பெயரை எழுதினார்.

டெயில் லாம்ப் இன்னும் கிடைக்கவில்லை. விளக்குக் கூண்டைத் தகரத்தில் செய்துவிட்டேன், சிவப்புக் கண்ணாடிதான் இல்லை. வளையல் துண்டு வைத்துப் பார்த்தேன், தட்டையாக இருந்தது. அரக்கு வைத்துப் பார்த்தேன், வெளிச்சம் ஊடுருவவில்லை. அப்போதுதான் அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது. மந்திரித்த ஜெபமாலை அறுந்துபோனால் எங்கள் ஆட்கள் குப்பையில் போட மாட்டார்கள். சாமியார் பூசை உடுப்பு மாற்றும் சக்கிரீஸ்து அறை வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும், அதில் போடுவார்கள். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் கோயில் வேலையெல்லாம் பார்க்கும் கோயில்பிள்ளை ஒரு குழி வெட்டி எல்லாவற்றையும் மரியாதையாகப் புதைப்பார். அந்தப் பெட்டிக்கு மேலே ஆணியில் தொங்குவதுதான் பெயர்ச்சீட்டுப் பை.

முந்தின நாள் காலைப் பூசை முடிந்ததும் போனேன். கையை விட்டுத் துழாவினேன். மரமணி, கொட்டைமணி, கால் இல்லாத சிலுவை. அடியில் ஒரு சிவப்புக் கண்ணாடி மணி தட்டுப்பட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பற்றிக்கொண்டது போல எரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் பின்னால் பார்க்கவில்லை. கோயில்பிள்ளை என் காதைப் பிடித்திருந்தார்.

சாமியாரின் அறைக்கு இழுத்துப் போனார். என் போதாத காலத்துக்கு அங்கேதான் பெரியப்பாவும் உட்கார்ந்திருந்தார். பையில் போட்டால் தவறிவிடும் என்று சீட்டை நேரில் கொடுக்க வந்திருந்தார். கோயில்பிள்ளை, மந்திரித்த பொருளைத் திருடினாள் என்றார். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். சாமியார் வயதானவர், கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர். மணியை வாங்கிப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டார். கழுத்தில் கோக்கவா?

நான் சொன்னேன். பிரேக் வேனைச் சொன்னேன், பட்டியலைச் சொன்னேன், டெயில் லாம்ப் ஒன்றுதான் பாக்கி என்றேன். மேஜையில் கிடந்த சீட்டு அப்போதுதான் கண்ணில் பட்டது. அப்பா பெயர். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது.

"அதை எழுதக்கூடாது சாமி," என்றேன். "கடைசி விளக்கைப் பார்க்காம வண்டி வந்துடுச்சுன்னு எழுதக்கூடாது. எழுதினா உயிர் போகும்."

"யார் சொன்னது?"

"எங்க அப்பா."

"அவர் எங்கே?"

"இன்னும் வரல. அதனாலதான் எழுதக்கூடாதுங்கறேன்."

சாமியார் பெரியப்பா பக்கம் திரும்பி, தந்தி ஏதாவது வந்ததா என்று கேட்டார். வரவில்லை, மூன்று மாதமாகக் கடிதமும் இல்லை என்றார் பெரியப்பா. கூட வேலை செய்தவர்கள் யாராவது பார்த்துச் சொன்னார்களா? இல்லை. அப்படியானால் நீங்கள் எதைப் பார்த்து எழுதினீர்கள் ஹெட்மாஸ்டர் என்று கேட்டார். சாமியார் சீட்டை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, கிழித்து மேஜைக்கு அடியில் போட்டார். மணியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். கேட்காமல் எடுத்ததற்குப் பத்து அருள்நிறைந்த மந்திரம் சொல் என்றார். பிரயாணத்தில் இருக்கிறவர்களுக்காக இனி நானும் தினம் ஒன்று சொல்கிறேன் என்றார்.

திரும்பி வரும்போது பெரியப்பா எனக்கு முன்னால் நடந்தார். ஒரு இடத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது அவரை நான் வெறுத்தேன். கொலைகாரன் என்றுகூட மனதில் திட்டினேன். இப்போது யோசித்தால், தம்பியின் ஆத்துமா எங்கேயோ மலைக்காட்டில் ஒரு மந்திரம்கூட இல்லாமல் கிடக்கிறதே என்று அவருக்குத் தூக்கம் இருந்திருக்காது. அன்பில்தான் அவசரப்பட்டார். வாத்தியார்கள் தப்பாகத் திருத்துவதும் உண்டு.

வீட்டில் அம்மாவிடம் வால்வ் டியூபை நான்தான் எடுத்தேன் என்று சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. போர்வையை விலக்கி வால்வைத் திருகிப் பார்த்தாள். பிறகு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, பாவி, பாவி என்று சிரித்தாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. அந்த ரப்பர் குழாயோடு அவள் நம்பிக்கையையே நான் உருவியிருந்தேன் என்று புரிய எனக்கு இன்னும் இருபது வருஷம் பிடித்தது. அம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் சைக்கிளை மறுபடி துடைத்தாள். காற்றுதான் அடிக்க முடியவில்லை.

மணியைக் கூண்டில் வைத்து மெழுகால் ஒட்டினேன். வண்டி முடிந்தது. அலமாரி மேல் ஆறு வேகனையும் பிரேக் வேனையும் கோத்து நிறுத்தினேன்.

அப்பா உடனே வந்துவிட்டார் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். வரவில்லை. கிறிஸ்துமஸ் போயிற்று, தவக்காலம் போயிற்று. மாங்காய் வடு விற்கிற வெயிலில் ஒரு மத்தியானம், தலைமுடியெல்லாம் உதிர்ந்து, உடம்பு மஞ்சள் பாரித்து, யாரோ ஒரு கிழவர் தகரப் பெட்டியோடு வாசலில் நின்றார். மலைக் காய்ச்சலில் பட்டாள ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினாள். அப்பாவின் கண் அலமாரி மேல் போனது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வண்டி கிளம்புமுன் கார்டு பார்ப்பது போல, முதல் வேகனிலிருந்து ஒவ்வொரு கொக்கியையும் விரலால் அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கொண்டை ஊசிக் கண்ணியில் விரல் நின்றது. காலர் பொத்தானைத் தடவினார். சக்கரத்தின் கையை எண்ணினார். ஹோஸைத் தொட்டதும் திரும்பி மூலையில் நின்ற சைக்கிளைப் பார்த்தார், ஓஹோ என்றார். கடைசியாகப் பிரேக் வேனைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். விளக்கு எரிந்தது.

அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டர் குரலில், "வண்டி முழுசா வந்து சேர்ந்தது," என்றார்.

பிறகு முப்பத்திரண்டு வருஷம் இருந்தார். பெரியப்பாவைப் பார்க்கும்போதெல்லாம், என்ன அண்ணா, இந்த நவம்பருக்கு என் சீட்டு ரெடியா என்று சீண்டுவார். பெரியப்பா ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். வேகன்கள் வீடு மாறி மாறி ஒவ்வொன்றாகத் தொலைந்தன, இரண்டைக் கரையான் தின்றது. பிரேக் வேனின் உடம்பும் போயிற்று. தகரக் கூண்டும் சிவப்பு மணியும் என் மூக்குக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. மேனேஜர் சார் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம், கேட்டால் தர மாட்டேன்.

அப்பா போனபோது கல்லறையில் கடைசிப் பிடி மண் விழும்வரை நின்றேன். வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்தவர்களிடம், இன்னும் முடியவில்லை என்றேன். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். அந்த நவம்பரில் சீட்டை நானே எழுதினேன். அப்பா பெயர், அதன் கீழே இன்னொரு வரி. புதிதாக வந்திருந்த இளம் சாமியார் சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாவது வரி என்னம்மா, இதையும் படிக்க வேண்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் சாமி. பேரை மட்டும் படிங்க. 'வண்டி முழுசா வந்து சேர்ந்தது'ங்கறது அவருக்கு எழுதினது."